சாம்பலுக்குள் போன வண்டிப்பாதை

“எங்க பாதை எங்க தம்பி?”

கனி பாயின் பிரியாணிக் கடையில், குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிய ஏசி அறை. மதிய வேளை. சுவரில் மாட்டியிருந்த என் படத்தின் கண்ணாடிமேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் என்னைக் கேட்ட முதல் கேள்வி அதுதான். வணக்கம் கிடையாது, நீ யார் என்ற விசாரணையும் கிடையாது. விரல் நுனியில் தக்காளிச் செடியின் கறை. பச்சையாக ஏறிக் கருப்பாகக் காய்ந்து, சோப்புக்கும் போகாத கறை.

கொஞ்ச நேரம் முன்னால்தான் பாய் போன் செய்திருந்தார். “ஏலே செல்வம், ஒன் படத்தப் பாக்கணும்னு ஒரு அம்மா வந்து நிக்கிது. சாப்பிடவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது. படத்துக்குக் கீழ உக்காந்திருக்கிற குடும்பம் எலும்பக் கடிக்கவே கூச்சப்படுது. ஓடியா.”

ஓடி வந்தேன். அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கையில் மஞ்சள் பை, அதற்குள் சுருட்டிய காகிதங்கள். பேர் காளியம்மா. அய்யலூரைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு கிராமம். ஊர்ப் பேரை எழுத வேண்டாம் என்று அக்காவே பிறகு சொல்லிவிட்டதால் எழுதவில்லை.

“என்ன பாதைக்கா?”

“இந்தா, எங்க ஊருக் கரட்டு மேல நின்னுதான எடுத்திருக்க? இது சின்னராசு காடு. அதுக்கு அங்கிட்டு எங் காடு. அவன் காட்டு நடுவுல வண்டிப்பாதை போகணும்ல? எங்க?”

பார்த்தேன். நாலடி அகலப் படம். முன்னால் கரட்டின், அந்த மொட்டைக் குன்றின், பாறை விளிம்பு, பின்னால் வரிசையாகப் பனை, அதற்கும் பின்னால் மலை. நடுவில் சின்னராசுவின் கடலைக் காடு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே சாம்பல். பாதை இல்லை.

எடுத்தவன் நான். ஒரு வருஷமாக அந்தச் சுவரில் அதைப் பார்த்துக்கொண்டே குஸ்கா சாப்பிட்டவனும் நான். அன்றைக்கு அந்தக் கரட்டுக்கு ஏறப் போனதே அந்த வண்டிப்பாதையில் நடந்துதான். பேருந்தில் ஏறியபிறகும் செருப்பில் செம்மண் ஒட்டியிருந்தது, நடத்துநர் திட்டினார். பாதை இருந்தது. என் படத்தில்தான் இல்லை.

“படம் பொய் சொல்லுமா?”

பாய் அக்காவை ஒரு ஓர மேசையில் உட்கார வைத்து டீ கொடுக்கச் சொன்னார். டீ ஆறிக்கொண்டே இருந்தது. அக்கா சொன்னார்.

பக்கத்துக் காட்டுச் சின்னராசு ஒன்றரை மாதம் முன்னால் டிராக்டரை விட்டுப் பாதையைச் சேர்த்து உழுதுவிட்டான். மக்காச்சோளம் விதைத்துவிட்டான். கேட்டால், இங்கே பாதையே இருந்ததில்லை என்கிறான். அக்காவின் காட்டுக்கு வேறு வழி கிடையாது. ஒரு பக்கம் கரடு, ஒரு பக்கம் ஓடை. உள்ளே ஒன்றரை ஏக்கர் தக்காளி சிவக்க ஆரம்பித்துவிட்டது. வண்டி போகாவிட்டால் அத்தனை பெட்டியையும் தலையில் வைத்து, ஒற்றை வரப்பில், இரண்டு பர்லாங் நடக்க வேண்டும். அக்காவுக்கு முழங்கால் வலி. வீட்டுக்காரர் இறந்து போனார். மகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறாள்.

“ஊர்ல யாரும் கேக்கலையாக்கா? எல்லாரும் நடந்த பாதைதான?”

“ஊருக்கே உழுகுறது அவன் டிராக்டருதான் தம்பி. எவன் கேப்பான்? இருந்தாலும் கூட்டம் போட்டோம். அங்க வச்சு போன எடுத்தான். இந்தப் படத்தப் போட்டோ புடிச்சு வச்சிருக்கான். ‘திண்டுக்கல்லு ஓட்டல்ல அம்மாம் பெருசா மாட்டிருக்காக, போன வருசம் எடுத்தது, கீழ நம்ம ஊருப் பேரே எழுதிருக்கு. எங்கருக்கு பாதை? மனுசன் பொய் சொல்லுவான், படம் பொய் சொல்லுமா?’ன்னான். எல்லாரும் போன வாங்கி வாங்கிப் பாத்தாக. காலங்காலமா அதுல நடந்த பயலுகளே, ஆமா, காணோமேங்குறாக!”

படத்துக்குக் கீழே ஊர்ப் பேரையும் ஆண்டையும் பித்தளைத் தகட்டில் பொறித்து ஒட்டியது பாயின் யோசனை. வெளியூர்க்காரர்கள் கேட்பார்களாம்.

“வர்ற செவ்வாக்கெழம ஆர்.ஐ. வந்து எடத்தப் பாக்குது. அதுகிட்டயும் இதத்தான் காட்டப் போறான்” என்றார் அக்கா. “நீதான எடுத்த. நீயே சொல்லு. பாதை இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சுக்கா.”

“பெறகு எங்க வச்ச அத?”

ஒரு பட்டன்தானே

எங்கே வைத்தேன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பாய் அந்த ஏசி அறையைக் கட்டியபோது கோயம்புத்தூரிலிருந்து ஒரு அலங்காரக்காரரை வரவழைத்தார். அவர் சுவரை அளந்து பார்த்து, “நம்ம வட்டார நிலக்காட்சி பன்னிரண்டு வேண்டும், எல்லாம் கருப்பு வெள்ளையில்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏன் கருப்பு வெள்ளை என்று பாயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என்னிடம் இருந்ததெல்லாம் கலர்.

“பத்து நாள் வேணும் பாய்” என்றேன்.

“என்னப்பு வெளையாடுறியா? ஒரு பட்டனத் தட்டுனா கருப்பு வெள்ளை ஆயிரும்ல? எம் பேத்தி போன்லயே செய்யிது.”

இந்தப் பட்டனைப் பற்றி என்னிடம் பேசாத மனிதர் திண்டுக்கல்லில் இல்லை. சவரக்கடைக்காரர் பேசியிருக்கிறார். ஆட்டோக்காரர் பேசியிருக்கிறார். வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் ஒரு பிச்சைக்காரர் என் கேமராவைப் பார்த்துவிட்டு, “இப்பல்லாம் எல்லாம் பட்டன்தான சார்?” என்றார். அவருக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒருமுறையாவது எழுதிவிடுகிறேன். ஒரு கலர் படம் என்பது உண்மையில் மூன்று படம். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, நீலம் ஒன்று, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். கருப்பு வெள்ளையாக மாற்றும்போது எது எவ்வளவு வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். நீலத்தைக் குறைத்தால் வானம் கறுத்து மேகம் எழுந்து நிற்கும். சிவப்பைக் கூட்டினால் செம்மண் வெளுக்கும். பச்சையைக் கூட்டினால் தென்னை வெளுக்கும். பட்டனை மட்டும் தட்டினால், கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த ஒரே கணக்கில் மூன்றையும் கலந்து ஊற்றிவிடும். செம்மண்ணும் அதே சாம்பல், கடலைச் செடியும் அதே சாம்பல். ஒரு தக்காளித் தோட்டத்தை அப்படி மாற்றிப் பாருங்கள். பழம் எது, இலை எது என்று தெரியாது.

எங்கள் பக்கம் நிலத்துக்குப் பேரே நிறம்தான். செவக்காடு என்பார்கள், கரிசக்காடு என்பார்கள். மண்ணைத் தொடாமல், தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். சிவப்பைத் தப்பாக இறக்கினால் செவக்காடு கரிசக்காடாகிவிடும். ஒருமுறை அப்படிச் செய்த படத்தைப் பார்த்துவிட்டு ஒரு விவசாயி, இது நம்ம பக்கம் இல்லை, தூத்துக்குடிப் பக்கம் என்று என்னிடமே அடித்துச் சொன்னார். நான் எடுத்தது அவருடைய காட்டை.

(வெள்ளாடு என்று பேர் வைத்துவிட்டு அய்யலூர்ச் சந்தையில் முக்கால்வாசியைக் கருப்பாகவே கட்டி நிறுத்துவார்கள். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.)

தோல் ஷாப்பும் மணப்பெண்ணும்

நிறத்தைப் பார்க்க நான் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு பாதியில் நின்றுபோனது. சென்ற அத்தியாயத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்ததை எழுதியிருந்தேன். சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்துபோனதைப் படித்துவிட்டு வருத்தப்பட்டுச் சிலர் எழுதியிருந்தார்கள். வருத்தப்பட ஒன்றுமில்லை. எல்லாருக்கும்தான் வெந்தது. அங்கே எனக்குக் கிடைத்த ஒரே படிப்பு, ஈரத் தோலைக் குவியலாகப் போட்டு, ட்யூப் லைட்டுக்கு அடியில் ரகம் பிரிப்பது. குரோம் ஊறி எல்லாம் ஒரே வெளிர்நீலமாகத்தான் தெரியும். ஒரு வாரம் நின்றால் அதற்குள் ஏழெட்டு நீலம் தெரிய ஆரம்பிக்கும். தப்பாகப் பிரித்தால் மேஸ்திரி அந்த ஈரத் தோலாலேயே முதுகில் ஒன்று வைப்பார். சத்தம் பெரிதாக இருக்கும், வலி அவ்வளவு இல்லை.

அதன்பிறகு லாரியில் கிளீனர், வத்தலக்குண்டில் டீ கிளாஸ் கழுவல், சிறுமலையில் வாழைத்தார் ஏற்றுகிற வேலை. கடைசியாகத் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண ஆல்பம் போடும் கடை. அங்கேதான் கம்ப்யூட்டர் பழகினேன். என் வேலை ஒன்றே ஒன்று: பெண்ணை வெளுப்பாக்குவது. கருப்பாக இருக்கிற பெண்ணின் அம்மா வந்து பக்கத்தில் நிற்பார். “இன்னுங் கொஞ்சம் தம்பி, இன்னுங் கொஞ்சம்” என்பார். வெளுக்க வெளுக்கப் பெண்ணுக்கு மூக்கு காணாமல் போகும். மூக்கு போனது பற்றி எந்த அம்மாவும் புகார் சொன்னதில்லை.

அந்தக் கடையில் இருந்தபோதுதான் பழைய கேமரா ஒன்று கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மனித முகமே இல்லாத இடமாகப் பார்த்துப் போக ஆரம்பித்தேன். வயல், கரடு, குளம். அவை எதுவும் இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கு என்று கேட்கவில்லை.

பாயிடம் பன்னிரண்டு படத்தையும் கலரில் காட்டியபோது ஒன்றே ஒன்றுதான் அவருக்குப் பிடித்தது. சிறுமலையில் மூடுபனியில் எடுத்தது. “இந்தா, இதுல ஒனக்கு வேலையே இல்ல. ஆண்டவனே கருப்பு வெள்ளையாக்கிட்டான்.” மற்றதையெல்லாம் மாற்றி எடுத்துப்போனால், “மய்யத்து விழுந்த வீடு மாதிரி இருக்குடா” என்றார். வெளிச்சம் கூட்டினேன். “சோப்பு வெளம்பரம் மாதிரி இருக்கு.” மறுபடி குறைத்தேன். இப்படியே பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதுதான் கரட்டுப் படம். அதற்குள் கடைத் திறப்பை ஒரு வெள்ளிக்கிழமை முன்னுக்குத் தள்ளிவிட்டார் பாய். பிரிண்ட் போடுகிறவர் சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் முடியாது என்றார்.

பட்டனைத் தட்டினேன்.

ஊர் முழுக்க எனக்குச் சொன்ன அந்தப் பட்டனை, எல்லாரையும் திட்டித் திரிந்த நான், ஒரே ஒருமுறை தட்டினேன். அதில்தான் காளியம்மாவின் பாதை போனது.

மாமூல்

அக்கா மஞ்சள் பையிலிருந்து பத்திரத்தை எடுத்தார். அவர் மாமனார் காலத்துப் பத்திரம், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் தாள் ஒட்டியிருந்தது. பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“‘மேற்படி நிலத்துக்குச் சென்றுவர உள்ள மாமூல் வண்டிப்பாதை பாத்தியமும் சேர்த்து…’ இந்தா, எழுதியே இருக்குல்லம்மா!”

“இருக்கு பாய். ஆனா சர்வே வரைபடத்துல இல்லங்குறாக. மாமூல்னா காலங்காலமாப் போயி வந்ததுதானாம். போயி வந்ததுக்கு ஆதாரம் என்னங்குறாக.”

“மாமூலுக்கு எவன் ரசீது குடுப்பான்?” என்றார் பாய். கல்லாவில் இருந்தவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

போனில் வானத்திலிருந்து எடுத்த வரைபடத்தைத் தேடிப் பார்த்தேன். கோடையில் எடுத்தது போலிருக்கிறது. காடும் பாதையும் கரடும் ஒரே பழுப்பு. அதுவும் எனக்கு உதவவில்லை.

“கலர் படம் எங்கிட்ட இருக்குக்கா. அதுல செக்கச்செவேல்னு பாதை தெரியும். நாளைக்கே தாரேன்” என்றேன்.

அப்போதுதான் அக்கா டீயைக் கையில் எடுத்தார்.

சேவ்

என் அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். திறந்ததும் மின்சாரம் போனது. வந்தது. மறுபடி போனது. கடைசியில் கோப்பைக் கண்டுபிடித்துத் திறந்தால், கருப்பு வெள்ளை.

அவசரத்தில் வேறு பேரில் சேமிக்காமல் ‘சேவ்’ என்று மட்டும் தட்டியிருக்கிறேன். கலர் இருந்த இடத்திலேயே சாம்பல் உட்கார்ந்துவிட்டது. கேமராவின் அட்டையில் இருக்கும் என்று பார்த்தேன். அதை அழித்துவிட்டு அதன்மேல் ஒரு சடங்கு வீட்டை எடுத்திருக்கிறேன். அறுநூறு படம். எல்லாவற்றிலும் அந்த வீட்டுத் தாய்மாமன் இருக்கிறார். ஒன்றிலாவது கரடு இருக்கிறதா? இல்லை.

உள்ளதை வைத்து ஏதாவது செய்யலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு சாம்பலும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் முழுக்க ஒன்றாக இருக்காது. மயிரிழை வித்தியாசம் இருக்கும். அதைப் பிடித்து இழுத்தேன். இருட்டை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாக்கி, ராத்திரி முழுக்க இழுத்தேன். வானம் தேமல் மாதிரி திட்டுத்திட்டாகப் போனது. பனைமரம் கரிக்கட்டையானது. ஆனால் கடலைக் காட்டுக்கு நடுவே, வண்டித் தடத்தின் பள்ளத்தில் விழுந்த நிழல், இரண்டு மெல்லிய கோடாக வந்தது. எனக்குத் தெரிந்தது. தெரிய வேண்டும் என்று பார்க்கிற எவனுக்கும் தெரியும்.

மறுநாள் காலை பாய் கடைக்குப் போய் முதல் வேலையாகச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றினேன்.

“ஏலே, ஆணி அடிச்ச ஓட்டைய எவன் மூடுவான்?”

“அந்தச் சிறுமலைப் படத்துல இன்னொரு பிரதி தாரேன் பாய், மாட்டிக்கங்க.”

“ஒரே ரூம்புல ஒரே படம் ரெண்டா? பாக்குறவன் கிறுக்குப் பிடிச்சவன்னு நெனப்பான்” என்றார். பிறகு படத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, “கொண்டு போ. சோறு திங்கிற எடத்துல ஒரு பொம்பள வயித்தெரிச்சல் எதுக்கு?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கரட்டின் மேல்

செவ்வாய்க்கிழமை ஆர்.ஐ. வந்தார். வருவாய் ஆய்வாளர், முப்பது வயதுப் பெண். தலையில் துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரை வேப்பமரத்தடியில் நிறுத்தினார். ஊரில் பத்துப் பேர் வந்திருந்தார்கள். பேசுவதற்கு வரவில்லை, பார்ப்பதற்கு வந்திருந்தார்கள்.

சின்னராசு வெள்ளைச் சட்டையில் இருந்தான். சண்டைக்காரன் மாதிரியே இல்லை. எனக்குக்கூட இளநீர் வெட்டிக் கொடுத்தான். நான் குடித்துவிட்டேன், தாகம்.

போனில் இருந்த படத்தை அவன் காட்டினான். நான் இழுத்து எடுத்த பிரதியை நீட்டினேன். எடுத்தது நான்தான், மாற்றியதில் தப்பு நடந்தது, இதோ தடம் தெரிகிறது என்று விளக்கினேன். ஆர்.ஐ. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“மேடம், ஒண்ணு கேளுங்க” என்றான் சின்னராசு. “இவரு கல்யாண ஆல்பம் போடுறவரு. கருத்த புள்ளயச் செவப்பாக்குற மனுசனுக்கு ஒரு கோடு கிழிக்கவா தெரியாது?”

பத்துப் பேரும் சிரித்தார்கள். இதில் கொடுமை என்னவென்றால், நான் கைவைக்காமல் பட்டனைத் தட்டிய படம்தான் பாதையை மறைத்தது, அதை எல்லாரும் நிஜம் என்கிறார்கள். ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து உண்மையை வெளியே எடுத்த படத்தைப் பொய் என்கிறார்கள்.

ஆர்.ஐ. இரண்டையும் திருப்பிக் கொடுத்தார். “கருப்பு வெள்ளைய வச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது சார்.”

காளியம்மா அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. தக்காளிக் காட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கோபத்தில் கரட்டின் மேல் ஏறினேன். ஏறி என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது. அந்த இடத்தில் நிற்கக்கூடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மேலே பாறை தோசைக்கல் மாதிரி சுட்டது. அதே இடத்திலிருந்து போனில் ஒரு படம் எடுத்தேன். கீழே மக்காச்சோளம் பச்சைப் பசேல் என்று நின்றது. பாதை இருந்த அடையாளம் எதுவும் தெரியவில்லை.

வேலை பழகின கை சும்மா இருக்காது. அந்தப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கினேன். பட்டனால் அல்ல. மஞ்சளையும் சிவப்பையும் மேலே ஏற்றி, பச்சையைக் கீழே இறக்கினேன். சோளக்காடு கறுத்துக்கொண்டே போனது. கறுக்கக் கறுக்க, நடுவில் ஒன்று கறுக்காமல் நின்றது. காட்டின் இந்த ஓரத்திலிருந்து நேராக அக்காவின் தக்காளி வரைக்கும் ஒரு வெளிறிய பட்டை.

தலையை நிமிர்த்திப் பார்த்தேன். கண்ணுக்கு எல்லாம் பச்சை. போனைப் பார்த்தேன். பட்டை இருக்கிறது. எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்ததும் தொண்டை கிழியக் கத்தினேன்.

“மேடம்! செத்த நேரம் மேல வாங்க!”

தலைமுறை தலைமுறையாக மாட்டு வண்டி ஏறி இறுகிய மண் அது. ஒரு உழவுக்கு இளகிவிடுமா? சோளத்தின் வேர் அங்கே இறங்கவில்லை. இலையில் பச்சை குறைந்து மஞ்சள் லேசாக ஓடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் மஞ்சளைத் தனியாகப் பிடித்துத் தூக்கினால் தெரிந்துவிடும்.

ஆர்.ஐ. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார், பாறை சுட்டு மறுபடி போட்டுக்கொண்டார். போனைப் பார்த்தார். பின்னாலேயே ஏறிவந்த சின்னராசுவும் எட்டிப் பார்த்தான்.

“பாத்தீகளா மேடம்? போன்லயும் கோடு கிழிச்சிட்டாரு!”

“அவரு கிழிக்கட்டும்” என்றார் ஆர்.ஐ. “நீங்க எனக்குச் சோளத்தக் காட்டுங்க.”

இறங்கி நேராகக் காட்டுக்குள் நுழைந்தார். இடுப்பளவு சோளத்தை விலக்கிக்கொண்டு போனவர், ஓர் இடத்தில் நின்றார். அங்கே பயிர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. குதிகாலால் மண்ணை மிதித்தார். இறங்கவில்லை. அந்தப் பக்கம் நாலடி தள்ளி மிதித்தார். பொசுக்கென்று இறங்கியது. இப்படியே ஓரம் வரை போனார்.

“இங்க மட்டும் ஏன் குட்டையா நிக்கிது?”

“அங்க உரம் பத்தல மேடம்” என்றான் சின்னராசு.

“உரம் சரியா வண்டி அகலத்துக்கா பத்தாமப் போகும்?”

வேடிக்கை பார்த்த பத்துப் பேரில் ஒரு பெரியவர், “அதான, வண்டி போன தடம்ல” என்றார். ஒன்றரை மாதமாக வராத வாய். சின்னராசு அவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

மூணு செட்

வாசகர்கள் பதற வேண்டாம் என்பதற்காக முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். உத்தரவு வந்தது. சின்னராசு எட்டடி அகலத்துக்குச் சோளத்தை அறுத்துப் பாதையை விட்டான். அதற்குள் தக்காளியில் பாதி பழுத்து விழுந்துவிட்டது. மீதிப் பாதி வண்டியில் போனது. அவ்வளவுதான் முடிவு. ஆனால் அந்த உத்தரவு வாங்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் முடித்தால் எனக்கு ஆறாது.

ஆர்.ஐ. அறிக்கை எழுதிவிட்டார். கூடவே படத்தை வைத்துத் தாலுகா அலுவலகத்தில் கொடுங்கள் என்றார். மறுநாள் நானும் அக்காவும் போனோம். போகும்போதே அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “கலர்லயே குடு தம்பி. நீ கைய வச்சாலே எம் பாதை ஓடிப்போகுது.”

நியாயம்தான். உற்றுப் பார்த்தால் மஞ்சள் தெரிகிற மாதிரி, கரட்டிலிருந்து எடுத்ததைக் கலரில் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். மேசையில் இருந்தவர் வாங்கிப் பார்த்தார்.

“கலர் ஒண்ணு சரி. ஃபைலுக்கு மூணு செட் ஜெராக்ஸ்.”

எதிர்க் கடைக்குப் போனோம். கடைக்காரப் பெண் மூடியைத் திறந்து, படத்தைக் கவிழ்த்து, பட்டனைத் தட்டினாள். வெளிச்சம் ஓடியது. சூடாக ஒரு தாள் வெளியே வந்தது.

ஒரே சாம்பல். பாதை இல்லை.

“இன்னொருவாட்டி போடும்மா.”

“எத்தனைவாட்டி போட்டாலும் இப்படித்தான் சார் வரும். கருப்பு வெள்ளைல்ல.”

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “கருப்பு வெள்ளைதான் கேக்குறாகன்னா, அத நீயே செஞ்சு குடு. அந்தப் பட்டன் வேணாம்.”

கடையிலேயே ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கடைக்காரப் பெண்ணின் கம்ப்யூட்டரில், அவளுடைய மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் உச்சுக்கொட்ட, ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஜெராக்ஸ் இயந்திரம் எதைத் தின்னும், எதை விடும் என்று போட்டுப் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவை தின்றுவிட்டது. சாதிச் சான்றிதழுக்கு நின்ற ஒருவர், “சார், ஒரு பட்டனத் தட்டுனா…” என்று ஆரம்பித்தார். காளியம்மா அக்கா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

நாலாவது தடவை வந்தது. காடு கருப்பு. நடுவில் பாதை, கருப்புச் சேலையில் வெள்ளைக் கரை மாதிரி. ஜெராக்ஸில் போட்டேன், நின்றது. அந்த ஜெராக்ஸையே மறுபடி ஜெராக்ஸ் போட்டேன், அப்போதும் நின்றது. மூணு செட் எடுத்துக்கொண்டு ஓடினோம். சாப்பாட்டு நேரம் முடிந்து அந்த மேசைக்காரர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொன்றாகப் புரட்டினார். முத்திரைக் கட்டையை எடுத்தார். மைப்பெட்டியில் இரண்டு தட்டு. பக்கம் முழுக்க வெற்றிடம் கிடக்கிறது. மேலே வானம் கிடக்கிறது, கீழே பாறை கிடக்கிறது. அந்த மனிதர் கட்டையைத் தூக்கி, சரியாகப் பாதையின் நடுவில், டப்பென்று குத்தினார். வட்ட முத்திரை. ஊதா மை பாதையில் பாதியை மூடிவிட்டது. இரண்டாவது தாளிலும் அங்கேயே. மூன்றாவதிலும் அங்கேயே.

“சார்! பாதை மேலயே குத்திட்டீங்களே!” என்று நான் கத்தினேன். அவருக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே விளங்கவில்லை.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

“கெடக்கு விடு தம்பி. கவருமெண்டு முத்திரைக்குக் கீழ இருக்குல்ல. இனி எவன் உழுவான்?”